உயர்நிலைக் கணிதத் தேர்வும் பழைய வினாத்தாள்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி இறுதி ஆண்டுகளில் உயர்நிலைக் கணிதம் பயிலும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் பழைய வினாத்தாள்களைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. தேர்வு வாரியங்களின் விதிகள் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் வகையிடலும் தொகையிடலும், கலப்பெண்களும் நிகழ்தகவும் எங்கும் ஒன்றுதான். அவற்றில் மாணவர்கள் தடுக்கி விழும் இடங்களும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன.

பழைய வினாத்தாள்களை எப்போது எடுக்கத் தொடங்க வேண்டும்?

முழு வினாத்தாளை நேரம் வைத்து எழுதுவது வேறு, வினாத்தாளிலிருந்து ஒரு பாடத்துக்குரிய வினாவை மட்டும் எடுத்துச் செய்வது வேறு. இரண்டாவதை ஒரு பாடம் முடிந்த அதே வாரத்தில் தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். கணிதத் தொகுத்தறிதலை வகுப்பில் முடித்த மாணவர் அதே பாடத்திலிருந்து வந்த இரண்டு மூன்று தேர்வு வினாக்களைப் பார்த்தால், தேர்வில் அந்தப் பாடம் எந்த ஆழத்தில் கேட்கப்படுகிறது என்பது அவருக்கு உடனே பிடிபடும். முழுத் தாளைப் பொறுத்தவரை, பாடத்திட்டத்தில் பெரும்பகுதி முடியும் வரை காத்திருப்பதே நல்லது. பாதி வினாக்கள் படிக்காத பாடங்களிலிருந்து வரும் தாளை மூன்று மணி நேரம் எழுதினால் மனச்சோர்வுதான் மிஞ்சும். கற்றது குறைவாகவே இருக்கும்.

எல்லாவற்றையும் முழுமையாகப் படித்து முடித்த பிறகுதான் வினாத்தாளைத் தொடுவேன் என்று காத்திருப்பதும் சரியல்ல. அந்த நாள் பெரும்பாலும் வருவதில்லை. கடைசி மூன்று நான்கு மாதங்கள் முழுத் தாள்களுக்கு இருக்கும்படி திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

பாடப்புத்தகப் பயிற்சிகளை முழுவதும் செய்துவிட்டேன். அது போதாதா?

அடிப்படைக்கு அது கட்டாயம் தேவை. தேர்வுக்கு அது மட்டும் போதாது. பாடப்புத்தகத்தில் ‘பகுதித் தொகையிடல்’ என்ற தலைப்பின் கீழ் இருபது கணக்குகள் இருந்தால், எந்த முறையைப் பயன்படுத்த வேண்டும் என்பதைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. தேர்வில் அந்தத் தலைப்பு இருக்காது. முறையைத் தேர்ந்தெடுப்பதே அங்கே பாதி வேலை.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். மாறியின் அடுக்குக்குறிச் சார்பை அந்த மாறியாலேயே பெருக்கித் தொகையிடச் சொன்னால் பகுதித் தொகையிடல் தேவைப்படும். அடுக்கில் மாறிக்குப் பதிலாக மாறியின் வர்க்கம் வந்துவிட்டால், முன்னால் நிற்கும் மாறி அந்த வர்க்கத்தினுடைய வகைக்கெழுவில் சரிபாதி என்பதால், பிரதியிடல் முறை ஓரிரு வரிகளில் வேலையை முடித்துவிடும். முன்னால் நிற்கும் அந்த மாறியையும் எடுத்துவிட்டால், பள்ளியில் கற்கும் சார்புகளைக் கொண்டு அதன் தொகையீட்டை எழுதவே முடியாது. மூன்றும் பார்வைக்கு உடன்பிறப்புகள் போலவே இருக்கும். அவற்றைப் பிரித்தறியும் கண், மூன்றையும் கலந்து பார்த்தவருக்கே வாய்க்கும்.

இதை ஆய்வும் உறுதிப்படுத்துகிறது. டக் ரோரர், கெல்லி டெய்லர் ஆகிய இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் சில திண்மங்களின் கன அளவைக் கணிக்கப் பழகினார்கள். ஒரே வகைக் கணக்குகளை அடுத்தடுத்துச் செய்த குழுவினர் பயிற்சியின்போது 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள். வகைகளைக் கலந்து செய்தவர்களோ 60 விழுக்காடுதான். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முதல் குழு 20 விழுக்காட்டுக்கு இறங்கியது, கலந்து செய்த குழு 63 விழுக்காட்டில் நின்றது. பயிற்சியின்போது எளிதாக வருவது தேர்வில் நிலைக்கும் என்பதற்கு உறுதியில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் எண்களைக் காண்பது அரிது. பழைய வினாத்தாள் இயல்பாகவே கலந்து தரப்பட்ட பயிற்சி. அதன் முதல் பயன் அதுவே.

எத்தனை ஆண்டுத் தாள்களைச் செய்ய வேண்டும்?

இந்தக் கேள்விக்கு ஓர் எண்ணைச் சொல்லத் தயங்குகிறேன். ஏனென்றால் எண்ணைச் சொன்னதும் அதுவே இலக்காகிவிடுகிறது. இருபது தாள்களை எழுதி, எதையும் திருத்திப் பார்க்காத மாணவரைவிட, ஆறு தாள்களை எழுதி ஒவ்வொன்றிலும் விட்ட மதிப்பெண் எங்கே போனது என்று தேடியவர் முன்னேறுகிறார். பத்து ஆண்டுத் தாள்கள் கையில் இருந்தால் அது தாராளம். அவற்றுள் அண்மைய மூன்றைத் தொடாமல் கடைசி வாரங்களுக்கு வைத்திருங்கள், அவற்றிலுள்ள வினாக்களைப் பாடவாரிப் பயிற்சிக்குக்கூட எடுக்க வேண்டாம். ஒருமுறை பார்த்துவிட்ட தாள் உங்கள் உண்மையான நிலையைக் காட்டாது.

நேரத்தை எப்படிப் பங்கிடுவது?

மொத்த நேரத்தை மொத்த மதிப்பெண்ணால் வகுத்துப் பாருங்கள். மூன்று மணி நேரத்துக்கு 100 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம் வரும். சரிபார்க்க 15 நிமிடத்தை ஒதுக்கினால் அது 1.65 நிமிடமாகக் குறையும். அதாவது 12 மதிப்பெண் வினாவுக்கு ஏறத்தாழ 20 நிமிடம். இந்தக் கணக்கை உங்கள் தேர்வின் எண்களைக் கொண்டு செய்து, தாளின் மேல் எழுதிக்கொள்ளுங்கள். 20 நிமிடம் கடந்தும் வழி தெரியவில்லை என்றால், இடம் விட்டு அடுத்த வினாவுக்குப் போக வேண்டும். இதைச் சொல்வது எளிது. பாதியில் நிற்கும் கணக்கை விட்டு எழுந்து போவதற்கு உண்மையிலேயே பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தை வீட்டில் எழுதும் தாள்களில்தான் ஏற்படுத்திக்கொள்ள முடியும்.

முதல் இரண்டு மூன்று தாள்களை நேரம் குறிக்காமல் எழுதுவதில் தவறில்லை. அதன் பிறகு முழு நேரத்தையும் ஒரே அமர்வில், கைப்பேசி வேறு அறையில் இருக்க, தேர்வில் அனுமதிக்கப்படும் கணிப்பானையும் சூத்திரப் பட்டியலையும் மட்டும் வைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

விடைக்குறிப்பை எப்போது பார்க்கலாம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். வினாத்தாளின் பயனில் பெரும்பகுதி, கடிகாரம் நின்ற பிறகு நீங்கள் செய்யும் வேலையில்தான் இருக்கிறது. விடைக்குறிப்பைச் சீக்கிரம் திறப்பவர் அந்தப் பகுதியை இழந்துவிடுகிறார்.

நேரம் முடிந்ததும் பேனாவின் நிறத்தை மாற்றுங்கள். நீல மையில் எழுதியவை தேர்வு நேரத்தில் எழுதியவை. இனிப் பச்சை மையில் எழுதப் போகிறவை நேரத்துக்குப் பின் எழுதுபவை. முடிக்காமல் விட்ட வினாக்களைப் பாடக்குறிப்பின் துணையுடன், ஆனால் விடைக்குறிப்பு இல்லாமல், பச்சை மையில் முடிக்கப் பாருங்கள். இது ஒரு மணி நேரம் எடுக்கலாம், மறுநாளைக்கும் நீளலாம். அதன் பிறகே விடைக்குறிப்பைத் திறக்க வேண்டும். அப்போதும் சிக்கிய வினாவுக்கு முதல் வரியை மட்டும் படித்துவிட்டு மூடிவிட்டு, மீதியை நீங்களே செய்து பாருங்கள். பெரும்பாலான வினாக்களில் தடை முதல் வரியிலேயே இருக்கிறது. அந்த வரி தெரிந்ததும் மீதி தானாக வருகிறது என்றால், உங்களுக்குத் தெரியாமல் இருந்தது பாடமல்ல, தொடங்கும் வழி. அந்த வரியைத் தனியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நீல மைக்குக் கிடைத்த மதிப்பெண், பச்சை மையையும் சேர்த்துக் கிடைத்த மதிப்பெண் என இரண்டையும் குறியுங்கள். இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால் குறை வேகத்தில் இருக்கிறது. இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக, ஆனால் தாழ்வாக இருந்தால் குறை பாடத்தில் இருக்கிறது. அந்த நிலையில் அடுத்த தாளை எடுப்பதை நிறுத்திவிட்டுப் பாடத்துக்குத் திரும்ப வேண்டும்.

விடை சரியாக இருந்தும் முழு மதிப்பெண் ஏன் கிடைப்பதில்லை?

பெரிய வினாக்களில் மதிப்பெண் விடைக்கு மட்டும் தரப்படுவதில்லை, படிகளுக்கும் பிரித்துத் தரப்படுகிறது. 18 செ.மீ. பக்கமுள்ள சதுரத் தகட்டின் நான்கு மூலைகளிலும் சமமான சிறு சதுரங்களை வெட்டி எடுத்து, ஓரங்களை மடித்து, மூடியில்லாத பெட்டி செய்தால் அதன் பெருமக் கொள்ளளவு என்ன என்ற பழகிய வினாவை எடுத்துக்கொள்வோம். வெட்டும் சதுரத்தின் பக்கத்தை மாறியாகக் கொண்டு கொள்ளளவுக்கான கோவையை எழுதுவது ஒரு படி. அதை வகையிட்டுப் பூச்சியத்துக்குச் சமப்படுத்துவது அடுத்த படி. 3, 9 என்ற இரு மதிப்புகள் கிடைக்கும். 9 செ.மீ. வெட்டினால் பெட்டிக்கு அடிப்பாகமே இராது என்று காரணம் சொல்லி அதை விலக்குவது ஒரு படி. 3இல் இரண்டாம் வகைக்கெழு −72, அது குறை எண், எனவே அங்கே பெருமம் என்று நிறுவுவது இன்னொரு படி. கடைசியில்தான் 432 கன செ.மீ. என்ற விடை வருகிறது.

பல மாணவர்கள் 3இலிருந்து நேரே 432க்குத் தாவிவிடுகிறார்கள். 9 ஏன் ஆகாது என்பதும், 3 ஏன் சிறுமமல்ல என்பதும் அவர்கள் மனதில் தெளிவாகவே இருக்கும். தாளில் அது இல்லையென்றால் திருத்துபவர் அதற்கு மதிப்பெண் தர முடியாது. மறுபக்கம், வகையிடும்போது ஒரு குறியைத் தவறவிட்டவர்கூட, அடுத்த படிகளை முறையாகச் செய்திருந்தால், முறைக்கென ஒதுக்கிய மதிப்பெண்ணைப் பெற முடிகிற தேர்வுகள் பல உண்டு. உங்கள் தேர்வில் இது எப்படி என்பதை விடைக்குறிப்பிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். அதனால்தான் விடையை மட்டும் தரும் வழிகாட்டி நூல்களைவிட, மதிப்பெண் பிரிப்போடு வெளியாகும் அதிகாரபூர்வ விடைக்குறிப்பு மேலானது.

‘நிறுவுக’, ‘இதிலிருந்து காண்க’ போன்ற சொற்களுக்குத் தனிப் பொருள் உண்டா?

உண்டு, அவற்றைச் சரியாகப் படிப்பது மதிப்பெண் தரும் திறமை. ‘இதிலிருந்து’ என்றால் முந்தைய பகுதியில் கண்டதைப் பயன்படுத்தியே செய்ய வேண்டும். வேறு வழியில் சரியான விடைக்கு வந்தாலும் மதிப்பெண் குறையக்கூடும். ‘இதிலிருந்தோ வேறு வழியிலோ’ என்றால் எந்த வழியும் ஏற்கப்படும், ஆனால் முந்தைய பகுதிதான் குறுக்குவழி என்பதை வினா மெல்லச் சொல்கிறது.

முதற்பகுதியில், அடுத்தடுத்த இரு முழு எண்களின் பெருக்கற்பலனுடைய தலைகீழி, அந்த எண்களின் தலைகீழிகளின் வித்தியாசத்துக்குச் சமம் என்று நிறுவச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் பகுதியில் 1/2 + 1/6 + 1/12 என்று தொடங்கி 1/9900 வரை செல்லும் தொடரின் கூடுதலைக் கேட்கிறார்கள். தனித்துப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். முதற்பகுதியைப் பொருத்தினால் 1/2 என்பது 1 − 1/2 ஆகிறது, 1/6 என்பது 1/2 − 1/3 ஆகிறது. இடையில் உள்ளவை அனைத்தும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, 1 − 1/100, அதாவது 99/100 மட்டும் மிஞ்சுகிறது. வினாவின் பகுதிகள் ஏன் அந்த வரிசையில் அமைந்துள்ளன என்று கேட்டுப் பழகியவருக்கு இது உடனே தென்படும்.

‘நிறுவுக’ அல்லது ‘காட்டுக’ என்றால் விடை ஏற்கெனவே தரப்பட்டுள்ளது. மதிப்பெண் முழுவதும் வழிக்குத்தான். ஒரு படியைக்கூட விழுங்கக் கூடாது. முதற்பகுதியை நிறுவ முடியாவிட்டாலும், தரப்பட்ட முடிவை வைத்துக்கொண்டு அடுத்த பகுதிகளைச் செய்யலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எனக்குப் பாடம் தெரியும். கவனக்குறைவால்தான் மதிப்பெண் போகிறது. என்ன செய்வது?

‘கவனக்குறைவு’ என்று பெயரிட்டு ஒதுக்கிவிட்டால் அந்தப் பிழை திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு பிழைக்கும் அதற்கே உரிய பெயர் வேண்டும். இரண்டை அடிமானமாகக் கொண்டு, ஓர் எண்ணின் மடக்கையையும் அதைவிட 3 குறைந்த எண்ணின் மடக்கையையும் கூட்டினால் 2 வருகிறது, அந்த எண் எது என்ற கணக்கில், மடக்கைகளைச் சேர்த்து எழுதினால் ஓர் இருபடிச் சமன்பாடு கிடைக்கும்; அதன் தீர்வுகள் 4, −1. குறை எண்ணுக்கு மெய்யெண்களில் மடக்கை இல்லை, எனவே −1 ஆகாது. இரண்டையும் விடையாக எழுதிவிட்டு வந்த மாணவர் அதைக் கவனக்குறைவு என்கிறார். அது கவனக்குறைவல்ல, மடக்கைச் சமன்பாட்டில் தீர்வைத் திரும்ப இட்டுப் பார்க்க வேண்டும் என்ற படியே அவருடைய முறையில் இல்லை.

ஒரு குறிப்பேட்டில் பிழைகளை இப்படிப் பெயரிட்டு எழுதுங்கள்: தீர்வைத் திரும்ப இடவில்லை, கணிப்பான் ரேடியனுக்குப் பதில் பாகையில் இருந்தது, அறுதியிடாத் தொகையீட்டில் மாறிலியைச் சேர்க்கவில்லை, அடைப்புக்குறியை நீக்கும்போது குறி மாறவில்லை, கேட்டது புள்ளி ஆனால் எழுதியது ஓர் ஆயத்தொலைவு மட்டும். நான்கைந்து தாள்களுக்குப் பிறகு படித்துப் பார்த்தால், உங்கள் இழப்பில் பெரும்பகுதி மூன்று நான்கு பிழைகளிலிருந்தே வருவது தெரியும். தேர்வின் கடைசி 15 நிமிடத்தில் தாளை முழுவதும் மேலோட்டமாகப் புரட்டுவதைவிட, அந்த நான்கை மட்டும் தேடுவது பயன் தரும்.

செய்த தாளையே மீண்டும் செய்வதில் பயன் உண்டா? விடை நினைவில் இருக்குமே?

தவறிய வினாக்களை மீண்டும் செய்வதில் பெரும்பயன் உண்டு, ஆனால் அதே நாளில் செய்வதில் இல்லை. ஒரு வாரமாவது போகட்டும். ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், உரைப்பகுதி ஒன்றைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையிலோ, திரும்பப் படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். அங்கே பாடம் கணிதமல்ல என்றாலும், விடைக்குறிப்பைத் திரும்பத் திரும்பப் படித்து ‘புரிந்துவிட்டது’ என்று நினைக்கும் மாணவருக்கு அந்த எச்சரிக்கை அப்படியே பொருந்தும். இறுதி விடை நினைவில் இருப்பதால் கெடுதல் இல்லை. 432 என்று நினைவில் இருந்தாலும், அதற்குப் போகும் வழியை வெற்றுத் தாளில் நீங்கள்தான் எழுத வேண்டும். ஐயம் இருந்தால் 18ஐ 24 ஆக்கிச் செய்து பாருங்கள்.

விடைக்குறிப்பு கிடைக்காத தாள்களை என்ன செய்வது?

விடையைத் தானே சரிபார்க்கக் கற்க அவை நல்ல வாய்ப்பு. தொகையிட்டதை வகையிட்டுப் பாருங்கள். சமன்பாட்டின் தீர்வைத் திரும்ப இட்டுப் பாருங்கள். நிகழ்தகவு 1ஐத் தாண்டினால் எங்கோ தவறு. முடிந்தால் இரண்டு வழிகளில் செய்யுங்கள். ஒரு பகடையை நான்கு முறை உருட்டினால் குறைந்தது ஒரு முறை ஆறு விழும் நிகழ்தகவைக் காண, ஒருமுறைகூட விழாத நிகழ்தகவான 625/1296ஐ 1இலிருந்து கழித்தால் 671/1296 வரும். முதல் ஆறு எந்த உருட்டலில் விழுகிறது என்று பிரித்து 1/6, 5/36, 25/216, 125/1296 ஆகியவற்றைக் கூட்டினாலும் அதே 671/1296 வர வேண்டும், வருகிறது. இப்படி இரு வழிகள் ஓர் இடத்தில் சந்திக்கும்போது கிடைக்கும் உறுதியை எந்த விடைக்குறிப்பாலும் தர முடியாது.

பாடத்திட்டம் மாறிவிட்டது. பழைய தாள்களைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

வேண்டாம். நடப்புப் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் வைத்து, நீக்கப்பட்ட பகுதிகளின் வினாக்களை அடித்துவிட்டு மீதியைப் பாடவாரியாகப் பயன்படுத்துங்கள். நேரம் வைத்து எழுத மட்டும் புதிய அமைப்பில் உள்ள தாள்களையும் மாதிரித் தாளையும் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்க்கப்பட்ட பகுதிகளுக்குப் பழைய தாள்களில் வினா இருக்காது என்பதால், அவற்றுக்குப் பாடப்புத்தகத்தில் கூடுதல் நேரம் தேவை.

‘போன ஆண்டு வந்துவிட்டது, இந்த ஆண்டு வராது’ என்று கணித்துப் படிக்கலாமா?

கூடாது. எந்தப் பாடங்கள் ஆண்டுதோறும் அதிக மதிப்பெண்ணைத் தாங்குகின்றன என்று பார்த்து அவற்றுக்கு முன்னுரிமை தருவது அறிவுடைமை. ஒரு பாடத்தை முழுவதும் விட்டுவிடுவது சூதாட்டம்.

தீர்வுக் காணொலிகள் உதவுமா?

முயன்று சிக்கிய பிறகு பார்த்தால் உதவும். முயலாமல் பார்த்தால், பிறர் செய்வது எளிதாகத் தெரிவதால், நமக்கும் வரும் என்ற தவறான நம்பிக்கையே வளரும். பார்த்து முடித்ததும் காணொலியை மூடிவிட்டு அந்தக் கணக்கை முதலிலிருந்து எழுதிப் பாருங்கள்.

எனக்குக் கணிதம் தெரியாது. பெற்றோராக நான் எப்படி உதவுவது?

மூன்று மணி நேர அமைதியை உறுதி செய்து கொடுங்கள். எத்தனை மதிப்பெண் என்று கேட்பதற்கு முன்னால், இந்தத் தாளில் எந்தப் பிழையைக் கண்டுபிடித்தாய் என்று கேளுங்கள். அதை உங்களுக்குப் புரியும்படி விளக்கச் சொல்லுங்கள். விளக்க முடிந்தால் அந்தப் பிழை பாதி திருந்திவிட்டது. தொடக்கத்தில் மதிப்பெண் ஏறி இறங்குவது இயல்பு, ஏனென்றால் தாள்களின் கடினம் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு தாளின் மதிப்பெண்ணைக் கொண்டு பிள்ளையை எடைபோட வேண்டாம். அது அவர்களை நேர்மையாகத் திருத்துவதிலிருந்து விலக்கிவிடும்.

தேர்வுக்கு முந்தைய நாள் ஒரு தாள் எழுதலாமா?

முழுத் தாள் வேண்டாம். அதில் ஒரு வினா சிக்கினால் அதைச் சரிசெய்ய நேரம் இருக்காது, கலக்கம் மட்டும் உடன் வரும். கடைசி முழுத் தாளை இரண்டு மூன்று நாள்களுக்கு முன்பே முடித்துவிடுங்கள். முந்தைய நாளில் பிழைக் குறிப்பேட்டைப் படித்து, ஏற்கெனவே திருத்திய இரண்டு மூன்று வினாக்களை மட்டும் மீண்டும் எழுதிப் பார்த்து, கணிப்பானின் மின்கலத்தையும் கோண அலகையும் சரிபார்த்துவிட்டு, வழக்கமான நேரத்தில் தூங்கப் போங்கள்.